இங்கே ஒரு நல்ல வாசகம்

அறுபத்தொரு விண்ணப்பம்.
பதில் வந்தவை ஒன்பது.
எட்டும் ஒரே ஆள் எழுதியதுபோல
‘வருந்துகிறோம்’ என்று தொடங்கின.
ஒன்பதாவது, உப்புக் கம்பெனி.

சமையலுக்கு இல்லை.
ஹாமில்டன் துறைமுகத்துப் பக்கம்
இரும்பாலைப் புகைக்குக் கீழே
நீலத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு ஒரு குன்று:
சாலையிலும் படியிலும் தூவுகிற உப்பு.
விளம்பர நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் கிடைத்த நிரோஜன்
டொராண்டோவில் இருபதாம் மாடியிலிருந்து
ஏரியைப் படம்பிடித்து அனுப்பினான்.
நான் குன்றை அனுப்பவில்லை.

முதல் நாள் லூர்தெஸ்
ஒரு கால் ஆடுகிற மேசையைக் காட்டினாள்.
நாலாயிரத்து நூறு முகவரிகளைக் காட்டினாள்.
‘நம் மின்னஞ்சலைத் திறப்பவர் நூற்றுக்குப் பதினொருவர்.
மற்றவர்களை எழுப்பு.’

வகுப்பில் படித்த கூம்பை வரைந்து சுவரில் ஒட்டினேன்:
மேலே அறிதல், நடுவில் விரும்புதல், அடியில் வாங்குதல்.
உப்பை யார் விரும்புவார்?
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஐம்பது தடவை எழுதியவள் நான்.
வழுக்காமல் வீடு போய்ச் சேர்ந்தவர்
யாரை நினைப்பார்?
ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் எங்கள் சரக்கு.
அதை எப்படிப் படம்பிடிப்பது?

மூன்று வாரம் வாசகம் தேடினேன்.
தமிழில் ஒன்று தானாக வந்து விழுந்தது:
பனிக்குப் பணியாதே.
பார்ட்டன் தெருவில் அதை யாரிடம் விற்க?
ஆங்கிலத்தில் வந்தவை எல்லாம்
பற்பசை விளம்பரம் போலச் சிரித்தன.

பெப்ரவரி, ஒரு செவ்வாய்.
அரைகுறை மடலைத் திரையில் விட்டுவிட்டு
தேநீர் எடுக்கப் போனேன்.
அனுப்பும் நேரத்தை மாற்ற மறந்திருந்தேன்.
கோப்பையோடு வருவதற்குள் போய்விட்டது,
நாலாயிரத்து நூறு பேருக்கும்:

வியாழன் இரவு உறைமழை.
இருபது கிலோ மூட்டை பன்னிரண்டு டாலர்.
இங்கே ஒரு நல்ல வாசகம் எழுது.

கழிப்பறையில் போய் நின்றேன்,
கொஞ்ச நேரம் இல்லை, நிறைய நேரம்.

வெளியே வந்தபோது
எழுதியிருந்தார்கள்.
வாலஸ், பள்ளிக்கூடப் பராமரிப்பாளர்:
‘நானூறு பிள்ளைகள். எண்ணூறு முழங்கால்கள்.’
குருத்வாராவில் வாசல் பார்ப்பவர்:
‘செருப்பைக் கழற்றுங்கள், இடுப்பைக் கழற்றாதீர்கள்.’
ஒரு இறுதிச்சடங்கு இல்லம்:
‘எங்களிடம் வர அவசரம் வேண்டாம்.’
இப்படி நாற்பத்துமூன்று.
நடுவில், பெயர் போடாமல் ஒன்று:
‘வாசகம் கிடக்கட்டும்.
மூட்டை வியாழனுக்கு முன் வந்துசேருமா?’

லூர்தெஸ் நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள்.
இறுதிச்சடங்குக்கு மட்டும் சிரித்தாள்.
பிறகு, பெயரில்லாததைத் தொட்டு,
‘இவருக்குப் பதில் சொல்லிவிட்டாயா?’
இல்லை.
‘என்ன செய்துகொண்டிருந்தாய் இவ்வளவு நேரம்?’
அதை நான் சொல்லவில்லை.

பட்டியலில் எண்ணைத் தேடி அழைத்தேன்.
வேலைக்கு வந்த ஐந்து வாரத்தில்
ஒரு வாடிக்கையாளரின் குரலை அப்போதுதான் கேட்கிறேன்.
மூச்சு வாங்கும் குரல். பின்னால் நாய்.
ஆறு மூட்டை. முன்கதவு உறைந்து ஒட்டிக்கொண்டதாம்,
பக்கவாசலில் வைக்கச் சொன்னார்.
பக்கவாசல் என்று கையில் எழுதிக்கொண்டேன்.
சுவரில் இருந்த கூம்பில்
அதை எழுத இடம் இல்லை.

வியாழன் சொன்னபடி வந்தது.
மின்கம்பி, மரக்கிளை, நிறுத்தத்துப் பெஞ்சு
எல்லாம் கண்ணாடிக்குள்.
பேருந்து இருபது நிமிடம் தாமதம்.
காலடியில் நறநறவென்று உப்பு.
எங்களுடையதா, தெரியாது,
போட்டிக் கம்பெனியின் உப்பும் இதே நிறம்தான்.
சப்பாத்தின் விளிம்பில் வெள்ளைக் கோடு ஏறியிருந்தது.

இரண்டு கையிலும் காப்பியோடு ஒருவர்
விறுவிறுவென்று என்னைக் கடந்து போனார்,
கீழே பார்க்காமல்,
விழாமல்.